கழற்றக்கூடியதாகச் செய்வோம்: சுவரொட்டிகளுக்கு வீட்டிலேயே மவுண்டும் சட்டமும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய கைப்பணிப் பட்டறையில், சுவரொட்டிக் கண்காட்சிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பழைய சுவரொட்டிகள் இருந்தால் தந்துதவுங்கள் என்று உங்களிடம் கேட்டிருந்தோம். நாடக விழா, இசை நிகழ்ச்சி, இல்ல விளையாட்டுப் போட்டி, கானிவேல், பொன்விழா எனப் பலவும் வந்து சேர்ந்தன. கல்லூரியோடு தொடர்பில்லாத, ஆனால் வீட்டில் நெடுங்காலமாக வைத்திருந்த சுவரொட்டிகளையும் சிலர் கொண்டுவந்து, 'இதை எப்படிச் சட்டம் போடுவது?' என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

வந்தவற்றை மேசையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. கறையானும் மழையும் செய்த சேதம் ஒரு பங்குதான். மற்றப் பங்கு நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட சேதம். கிழிந்த இடத்தில் செலோ ரேப் ஒட்டியிருந்தார்கள். பலமாக இருக்கட்டும் என்று ஹார்ட்போட்டில் பசை பூசி ஒட்டியிருந்தார்கள். இனிப் பழுதாகாது என்று நம்பி லமினேற் செய்திருந்தார்கள். கடையில் வாங்கிய சட்டத்துக்கு அளவு சரிவரவில்லை என்று ஓரத்தை வெட்டியிருந்தார்கள். இவற்றில் எதையும் பழைய நிலைக்கு எளிதில் கொண்டுவர முடியாது. ஆகவே நாங்கள் சொல்லப்போவதற்கெல்லாம் அடிப்படை ஒரே விதிதான்: சுவரொட்டிக்கு நாம் எதைச் செய்தாலும், நமக்குப் பின் வருபவர் அதைச் சேதமின்றிக் கழற்றி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

சுவரொட்டி ஏன் பேணத்தக்கது?

சுவரொட்டி நிலைத்து நிற்பதற்காக அச்சிடப்படுவதில்லை. ஒரு கிழமை சுவரில் இருந்தால் போதும் என்ற எண்ணத்தில், மலிவான தாளில் அடிப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மழையில் கரையும். அல்லது அதன்மேல் இன்னொன்றை ஒட்டுவார்கள். அப்படியிருந்தும் தப்பி வந்தது எதுவானாலும் தற்செயலாகத் தப்பியதுதான். சேகரிப்போர் அதைத் தேடுவதற்கும் அதுவே காரணம்.

பிரித்தானியாவில் 1926 முதல் 1933 வரை இயங்கிய எம்பயர் மார்க்கெட்டிங் போட், தன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் விளைபொருள்களை வாங்கச் சொல்லி ஏராளமான சுவரொட்டிகளை வெளியிட்டது. நமது தேயிலையும் அவற்றில் இடம்பெற்றது. மக்டொனால்ட் கில் என்ற ஓவியர் 1933 இல் வரைந்த இலங்கைத் தேயிலை வரைபடமும், 1940 இல் தேநீரைப் போற்றி வரைந்த பெரிய உலக வரைபடமும் இன்று சேகரிப்போர் விரும்பித் தேடுபவை. நம் மொழிக்கு வந்தால், 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) போன்ற ஈழத்துத் தமிழ்ப் படங்களின் சுவரொட்டி யாரிடமாவது இருந்தால், அது அந்தக் குடும்பத்தின் சொத்து மட்டுமல்ல.

கல்லூரிச் சுவரொட்டியை விலை பேச ஒருவரும் வரமாட்டார்கள். எங்களுக்கு அது வேறு வகையில் பெறுமதியானது. எந்த நாடகம், எந்தத் திகதி, எந்த மண்டபம், நுழைவுச்சீட்டு எவ்வளவு, எந்த அச்சகம் என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமமே ஊரை விட்டு வெளிக்கிட்டது. வீட்டு அலுமாரிகளில் இருந்த கடதாசிகளில் எவ்வளவு மிஞ்சியது என்பது உங்களுக்குத் தெரியும். மிஞ்சியவற்றை நாமே கெடுத்துவிடக் கூடாது.

எங்களிடம் வந்தவற்றில் மிகவும் யோசிக்க வைத்தது பொன்விழாச் சுவரொட்டி. இளஞ்சிவப்புத் தாளில், பெரிய மரஎழுத்துகளால் அச்சிட்டது. நாலாக மடித்த கொப்பிப் பையோடு 1995 இல் வலிகாமத்திலிருந்து வன்னிக்குப் போய், பின்பு லண்டனுக்குப் போய், இப்போது திரும்பி வந்திருக்கிறது. வேறு பிரதி எவரிடமும் இருப்பதாக இதுவரை தகவல் இல்லை. அதைத் தந்த அக்கா, 'லமினேற் பண்ணி மண்டபத்தில் மாட்டுங்கோ, எல்லாரும் பார்க்கட்டும்' என்றார். அவருடைய விருப்பம் நியாயமானது. ஆனால் லமினேற் செய்தால் சூடும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்து தாளோடு ஒன்றாகிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. அவரோடு பேசி, விதியை மீறாமல் அவருடைய விருப்பத்தையும் நிறைவேற்ற ஒரு வழி கண்டோம். அந்த வழியைக் கடைசியில் சொல்கிறோம். இடையில் வரும் அளவுகள் அந்தச் சுவரொட்டிக்கு உரியவை.

முதலில் பார்ப்பது

கத்தியையும் அடிமட்டத்தையும் எடுக்க முன்பு சுவரொட்டியை நன்றாகப் பாருங்கள். கைகளைக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துக்கொண்டால் போதும், கையுறை வேண்டியதில்லை. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடியால் நிறங்களைப் பாருங்கள். ஒழுங்கான சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தால் அது ஓவ்செற் அச்சு. பழைய கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கற்று, மணல் தூவியது போல இருக்கும். தேயிலைச் சுவரொட்டிகளில் இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை பிற்காலப் பிரதிகள். பிரதியென்றால் பயமில்லாமல் பழகுங்கள். முதல் பயிற்சிக்கு அதுதான் நல்லது.

அளவையும் கவனியுங்கள். டபுள் கிறவுண் என்பது 20 அங்குலம் அகலம், 30 அங்குலம் உயரம். பிரித்தானிய இரயில் சுவரொட்டி பெரும்பாலும் 25 க்கு 40. பிரித்தானிய சினிமாச் சுவரொட்டி 40 அகலம், 30 உயரம். பழைய அமெரிக்க சினிமாச் சுவரொட்டி 27 க்கு 41. இந்த அளவுகளில் குறைந்திருந்தால் யாரோ ஓரத்தை வெட்டியிருக்கலாம். மடிப்புக் கோடு குறையல்ல. 1980 களுக்கு முன் அமெரிக்க சினிமாச் சுவரொட்டிகளை மடித்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் வெட்டிய ஓரம் குறைதான், அதைத் திருப்பித் தர எவராலும் முடியாது.

சுருண்டும் மடிந்தும் வந்ததை அவசரமாக விரிக்காதீர்கள். சுத்தமான ஒற்றுத்தாள்கள் இரண்டுக்கு நடுவில் வைத்து, மேலே தட்டையான பலகையும் அதன்மேல் பாரமும் வைத்துச் சில நாட்கள் விட்டால் தானாகவே இளகும். ஸ்திரிக்கைப் பெட்டி வேண்டாம். தண்ணீர் தெளிப்பதும் வேண்டாம். பொன்விழாச் சுவரொட்டி போன்ற நிறத்தாள்களில் சாயம் தண்ணீர் பட்டவுடன் ஊறிப் பரவும்.

மவுண்ட் எதற்காக?

படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில், நடுவில் சாளரம் வெட்டிய மட்டை ஒன்று வருமல்லவா, அதையே மவுண்ட் என்கிறோம். அது அழகுக்கு மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை, தாளைக் கண்ணாடியில் முட்டாமல் விலக்கி வைப்பது. மாரியில் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அந்த ஈரத்தில் மையும் கண்ணாடியும் பற்றிக்கொள்ளும், பூஞ்சணமும் பிடிக்கும். வழக்கமான மவுண்ட் மட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு. அந்த இடைவெளி போதும்.

ஆனால் எந்த மட்டை என்பது முக்கியம். மலிவான மட்டையும் செய்தித்தாளும் மரக்கூழிலிருந்து வருபவை. மரத்திலுள்ள லிக்னின் என்ற பொருள் நாளடைவில் மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்கும். பழைய சட்டங்களைக் கழற்றும்போது சாளரத்தின் ஓரத்தை ஒட்டிப் படத்தில் ஒரு மண்ணிறக் கோடு தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது மட்டையின் அமிலம் சுட்ட தழும்பு. ஆகவே பஞ்சில் செய்த மட்டையை, அல்லது லிக்னின் நீக்கிக் கல்சியம் காபனேற் சேர்த்த மட்டையைக் கேட்டு வாங்குங்கள். முன்மட்டை, பின்மட்டை இரண்டும் அப்படியே இருக்க வேண்டும். முன்னால் நல்லதைப் போட்டு, பின்னால் பிஸ்கற் பெட்டி மட்டையை வைத்தால் செலவழித்தது வீண்.

அளவு எடுத்தல்

20 க்கு 30 தாளை எடுத்துக்கொள்வோம். சாளரம் நான்கு பக்கமும் தாளின் மேல் கால் அங்குலம் ஏறி நிற்க வேண்டும். எனவே சாளரம் 19½ க்கு 29½. மேலும் பக்கங்களிலும் 3 அங்குல விளிம்பு, கீழே 3½ அங்குலம். கீழே சற்றுக் கூட விடாவிட்டால் படம் கீழே சரிந்தது போலக் கண்ணுக்குத் தோன்றும். இனிக் கூட்டுவோம். அகலம் 19½, 3, 3: மொத்தம் 25½. உயரம் 29½, 3, 3½: மொத்தம் 36. இதுதான் முன்மட்டையின் அளவும் பின்மட்டையின் அளவும். மவுண்ட் மட்டை வழக்கமாக 32 க்கு 40 அங்குலத் தாளாக வருவதால் ஒரு தாளில் ஒன்று கிடைக்கும்.

வெட்டுவதற்கு முன் அச்சகத்தின் பெயரைத் தேடுங்கள். கீழ் ஓரத்தில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். காலத்தைக் கணிப்பதற்குப் பல வேளைகளில் அதுதான் ஒரே சாட்சி. அதை மட்டை மறைக்குமானால் சாளரத்தைத் தாளைவிட அரை அங்குலம் பெரிதாக வெட்டி, தாளின் நாலு ஓரமும் தெரியும்படி வையுங்கள். பொன்விழாச் சுவரொட்டியில் அச்சகப் பெயர் ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே இருந்ததால் கால் அங்குல ஏற்றம் பொருந்தியது.

வெட்டுதல்

கோடுகளை மட்டையின் பின்புறத்தில் பென்சிலால் போடுங்கள். வெட்டுவதும் பின்புறத்திலிருந்துதான். 45 பாகைச் சரிவாக வெட்டும் கருவி கடல் கடந்து இருப்பவர்களுக்குக் கைப்பணிக் கடைகளில் கிடைக்கும். அது இல்லாவிட்டால் நேராக வெட்டுங்கள். நேர் வெட்டும் அழகாகத்தான் இருக்கும். சரிவு வெட்டில் பிளேட்டின் சாய்வு எப்பக்கம் என்று ஒரு துண்டு மட்டையில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னாலிருந்து பார்க்கையில் வெட்டிய வெள்ளைச் சரிவு படத்தை நோக்கி இறங்க வேண்டும்.

ஒவ்வொரு மவுண்டுக்கும் புதுப் பிளேட் போடுங்கள். மொட்டைப் பிளேட் மட்டையைப் பிய்க்கும். கீழே ஒரு வீண் மட்டையை விரித்துக்கொண்டால் வெட்டு சுத்தமாக விழும். இரும்பு அடிமட்டத்தை இடக்கையால் அழுத்தி, ஒரே இழுவையில், ஒரே அழுத்தத்தில் வெட்டுங்கள். மூலையில் மட்டையின் தடிப்பளவு கோட்டைத் தாண்டி நிறுத்த வேண்டும். அப்போதுதான் சரிவுகள் மூலையில் சந்திக்கும். நடுத்துண்டு ஒரு மூலையில் பிடித்துக்கொண்டு நின்றால் இழுக்காதீர்கள். மெல்லிய சவர அலகைச் சரிவின் வழியே விட்டு அறுத்துவிடுங்கள். வெட்டி எடுத்த நடுத்துண்டை எறியாமல் வையுங்கள். அதில் சிறிய படங்களுக்கு மவுண்ட் வெட்டலாம்.

பிறகு முன்மட்டையையும் பின்மட்டையையும் புத்தகம் போல ஒரு பக்க ஓரத்தில் துணிநாடாவால் இணைத்துவிடுங்கள். இந்த நாடா மட்டைகளுக்கு மட்டுந்தான், சுவரொட்டியில் தொடக்கூடாது.

ஒட்டாமல் பிடித்து வைத்தல்

இங்கேதான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. செலோ ரேப்பின் பசை சில வருடங்களில் தாளுக்குள் இறங்கி மண்ணிறமாகும். மேலுள்ள பிளாஸ்ரிக் உதிர்ந்துவிடும், கறை நிற்கும். இரட்டைப்பக்க ரேப்பும் இரப்பர் பசையும் தெளிக்கும் பசையும் அப்படித்தான். எங்கள் குழுவிலுள்ள ஒருவர், பல வருடங்களுக்கு முன்பு ஒரு கடையில் கொடுத்துச் சட்டம் போட்ட இசைவிழாச் சுவரொட்டி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். வெளியில் பார்த்தால் பளபளப்பான வேலை. கழற்றியபோது மேல் ஓரம் முழுக்கப் பொதியிடும் ரேப், கீழே எழுத்து வரை இறங்கிய கறை. சட்டத்தைக் கடையில் போட்டாலும், பின்னால் எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்று கேட்டுவிட்டே கொடுங்கள்.

நாங்கள் கையாண்ட முறை விளிம்புப் பட்டி. அமிலமற்ற தடித்த தாளை இரண்டு அங்குல அகலமான பட்டிகளாக வெட்டி, நீளவாக்கில் மடித்து, 5 மில்லிமீற்றர் மட்டும் உதடு போல நிற்க விடுங்கள். சுவரொட்டியைப் பின்மட்டையில் வைத்து, அந்த உதடு அதன் ஓரத்தைத் தழுவும்படி பட்டியைப் பொருத்தி, பட்டியின் மற்றப் பகுதியைப் பின்மட்டையோடு ஒட்டிவிடுங்கள். கீழ் ஓரத்துக்கு முழு நீளப் பட்டி. அதுதான் பாரத்தைத் தாங்கும். பக்கங்களுக்கும் மேலுக்கும் இடைவிட்டுச் சிறு பட்டிகள் போதும். பசை பின்மட்டையில் மட்டுமே படுகிறது. கால் அங்குலம் ஏறி நிற்கும் முன்மட்டை, பட்டியின் உதட்டை மறைத்துவிடும். கழற்ற வேண்டிய நாளில் மேல் பட்டியை விரித்துவிட்டுத் தாளை உருவி எடுக்கலாம்.

பட்டிக்கும் தாளுக்கும் நடுவில் இரண்டு மில்லிமீற்றராவது இடம் விடுங்கள். ஈரம் கூடும்போது தாள் விரியும், குறையும்போது சுருங்கும். நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் நடுவில் அலை அலையாகும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் உள்ளவர்களுக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே மாரியில் வீடு சூடாக்கும்போது காற்று நன்றாக உலர்ந்துவிடுகிறது.

நாலு ஓரமும் தெரியும்படி வைப்பதானால் பட்டி உதவாது. அதற்கு ஜப்பானிய நார்த்தாளில் சிறு கீல்கள் வெட்டி, மேல் ஓரத்தின் பின்புறத்தில் கோதுமை மாப்பொருள் பசையால் ஒட்ட வேண்டும். மாப்பொருள் ஒரு பங்கு, தண்ணீர் நாலைந்து பங்கு. மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம் வரை துழாவிக் காய்ச்சி, ஆறவிட்டு வடித்தெடுங்கள். சாதாரணக் கோதுமை மா வேண்டாம். அதிலுள்ள புரதம் பூச்சியை வரவழைக்கும். இந்தப் பசை பிற்காலத்தில் ஈரம் காட்டினால் இளகிவிடும் என்பதுதான் இதன் சிறப்பு. ஆனால் ஈரத்துக்குத் தாங்காத நிறத்தாளுக்கு இதைச் செய்யக்கூடாது.

கண்ணாடியும் வெளிச்சமும்

நம் அளவுக்கு இரண்டு மில்லிமீற்றர் கண்ணாடி ஏறத்தாழ மூன்று கிலோ. அதே அளவில் இரண்டு மில்லிமீற்றர் பேர்ஸ்பெக்ஸ் ஒன்றரைக் கிலோவுக்குள் வரும். விழுந்தாலும் உடைந்து தாளைக் கிழிக்காது. பெரிய சுவரொட்டிக்கு அதுவே நல்லது. அது எளிதில் கீறும். அமோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைத்தால் மங்கிப்போகும். மெல்லிய ஈரத்துணி போதும். தூசியையும் இலேசான பொருள்களையும் தன்பால் இழுக்கும் இயல்பு அதற்கு உண்டு. ஆகவே கரி ஓவியம், பாஸ்ரல் ஓவியம் போன்றவற்றுக்கு அதைப் போடாதீர்கள்.

சாதாரண யன்னற் கண்ணாடி புறஊதாக் கதிரை முழுதாகத் தடுப்பதில்லை. புறஊதா வடிகட்டும் கண்ணாடியும் பேர்ஸ்பெக்ஸும் விற்பனைக்கு உண்டு, இயன்றால் வாங்குங்கள். அதை வாங்கிவிட்டோம் என்று வெயிலில் மாட்ட முடியாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் நிறத்தைத் தின்னும். பழைய கடைகளில் நீலம் பாரித்துப்போன விளம்பரங்களை நினைத்துப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் போய்விடும், நீலமும் கறுப்பும் மிஞ்சும். நூதனசாலைகள் இப்படியான தாள்களுக்கு 50 லக்ஸ் அளவில் வெளிச்சத்தை நிறுத்துகின்றன. அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். வெளிச்சத்தின் சேதம் சேர்ந்துகொண்டே போவது. இரட்டிப்பு வெளிச்சத்தில் ஒரு மாதம் வைப்பதும், பாதி வெளிச்சத்தில் நாலு மாதம் வைப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். இருட்டில் வைத்தால் போன நிறம் திரும்பி வராது.

சட்டம்

மரம் அறுத்துச் செய்ய விரும்புவோருக்குக் கணக்கு இது. உள்ளே மட்டையும் கண்ணாடியும் உட்காரும் தவாளிப்பு, மட்டையைவிட எட்டில் ஒரு அங்குலம் கூட இருக்க வேண்டும். எனவே 25⅝ க்கு 36⅛. ஒரு அங்குல அகலமான சட்டமரத்தில் தவாளிப்பு கால் அங்குலம் என்றால், ஒவ்வொரு பக்கமும் முக்கால் அங்குலம் வெளியே நிற்கும். ஆக வெளி அளவு 27⅛ க்கு 37⅝. நாலு துண்டுக்கும் 129½ அங்குலம், அதாவது 10 அடி 9½ அங்குலம். அறுப்பில் வீணாவதையும் சேர்த்து 12 அடி வாங்குங்கள்.

மூலைகள் 45 பாகை. எதிரெதிர்த் துண்டுகள் மயிரிழையும் பிசகாமல் ஒரே நீளமாக இருந்தால்தான் மூலை பொருந்தும். கோணத்தைப் பார்க்கிறவர்கள் நீளத்தைக் கவனிக்காமல் விடுவதுண்டு. மரப்பசை பூசி நாடாவால் இறுக்கியபின், மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால் சட்டம் சரி. மரமும் அமிலத்தை விடும். எனவே தவாளிப்பின் உட்புறம் முழுவதும் அலுமினிய நாடாவை ஒட்டிவிடுங்கள். தச்சரிடம் கொடுத்துச் செய்விப்பதானாலும் இந்த ஒரு வேலையை வீட்டில் நாமே செய்துவிடலாம்.

அடுக்கும் ஒழுங்கு: கண்ணாடி, முன்மட்டை, சுவரொட்டி, பின்மட்டை, அதன் பின்னால் ஒரு பாதுகாப்பு மட்டை. ஹார்ட்போட்டை நேரடியாக வைக்காதீர்கள். பின்னால் சுற்றிவர நாடா ஒட்டி மூடிவிட்டால் தூசியும் வெள்ளிமீன் பூச்சியும் கரப்பானும் உள்ளே போகா. நப்தலின் உருண்டையையோ வேப்பிலையையோ உள்ளே வைப்பது வேண்டாம். இலையில் ஈரமும் உண்டு, கறையும் உண்டு.

மாட்டும்போது ஒரே ஆணியில் கயிறு கட்டித் தொங்கவிடாமல், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் இரு பக்கமும் வளையம் பூட்டி, சுவரில் இரண்டு கொளுக்கிகளில் மாட்டுங்கள். கீழ் மூலைகளில் இரண்டு தக்கை ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் காற்று ஓடும். ஈரப்பதன் நூற்றுக்கு 65 ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் தொடங்கும். ஊரிலே மாரி மழை அடிக்கும் வெளிச்சுவர், லண்டனிலே குளிர்ந்து வியர்க்கும் வெளிச்சுவர் இரண்டும் ஆகாது, உட்சுவரில் மாட்டுங்கள். மெல்பேணில் மேற்கு வெயில், கனடாவில் சூடாக்கியின் மேற்புறம், எங்கும் சாமியறை விளக்குப் புகை: இவற்றையும் தவிருங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது இறக்கிப் பின்புறத்தைப் பாருங்கள்.

எதை நாமே செய்யக்கூடாது?

பழைய ரேப்பை உரித்தல், பூஞ்சணக் கறையை வெளுத்தல், கிழிந்ததை ஒட்டுதல், ஹார்ட்போட்டிலிருந்து பிரித்தல் ஆகியவை தாள் பேணுநரின் வேலை. சேகரிப்போர் சினிமாச் சுவரொட்டிகளைத் துணியோடு சேர்த்து மாப்பசையால் ஒட்டுவிப்பதுண்டு. அது கழற்றக்கூடிய முறைதான். ஆனாலும் பழகிய கையால் செய்யப்பட வேண்டியது. உலர் மவுண்ட் என்று சூட்டில் அழுத்தி ஒட்டுவதை மூலப்பிரதிக்குச் செய்விக்காதீர்கள். கடைக்காரர் 'தட்டையாக, அழகாக நிற்கும்' என்பார். நிற்கும்தான். என்றைக்கும் பிரியாது.

பொன்விழாச் சுவரொட்டிக்குச் செய்தது

இப்போது அந்த வழிக்கு வருகிறோம். சுவரொட்டியை ஒற்றுத்தாள்களுக்கு நடுவில் வைத்து இளக்கினோம். கிழிந்த மூலையை அப்படியே விட்டோம். பிறகு உயர்ந்த தரத்தில் ஸ்கான் எடுத்து, மடிப்பும் கிழிசலும் உட்பட, அதே அளவில் ஒரு பிரதி அச்சிட்டோம். பிரதிக்கும் மூலத்துக்கும் ஒரே மாதிரி இரண்டு மவுண்ட் வெட்டினோம். நூற்றாண்டுக் கண்காட்சி நடக்கும் மூன்று மாதங்களும் மூலம் மண்டபத்தின் உட்சுவரில், யன்னல் வெளிச்சம் படாத இடத்தில் இருக்கும். அது முடிந்ததும் அதே சட்டத்தில் பிரதி ஏறும்; மூலம் தன் மவுண்டோடு அமிலமற்ற பெட்டிக்குள் படுக்கையாகப் போகும். பிளாஸ்ரிக் உறை போடுவதானால் பொலியெஸ்டர் மட்டும். பீவீசீ உறை ஆகாது.

மூலத்தைக் கொடுத்த அக்கா, மண்டபத்தில் எப்போதும் ஏதோ ஒன்று இருக்கும் என்பதால் சம்மதித்தார். 'என்ர பையில இருந்த மடிப்பையும் அச்சடிச்சிருக்கிறீங்களே' என்றுதான் கேட்டார். அந்த மடிப்பும் இந்தக் கல்லூரியின் வரலாறுதான் என்றோம்.

இனி உங்களிடம் மூன்று வேண்டுகோள். ஒன்று: வீட்டில் ஏற்கனவே சட்டம் போட்டிருக்கும் சுவரொட்டிகளை ஒருமுறை இறக்கிப் பின்புறத்தைப் பாருங்கள். ரேப்பையும் மரக்கூழ் மட்டையையும் கண்டால், ரேப்பில் கை வைக்காமல் மட்டையை மட்டும் மாற்றுங்கள். இரண்டு: அது எந்த நிகழ்ச்சி, எந்த வருடம், யாரிடமிருந்து வந்தது என்பதைப் பின்மட்டையில் பென்சிலால் எழுதுங்கள். சுவரொட்டியில் எழுதாதீர்கள், பேனையாலும் எழுதாதீர்கள். மூன்று: ஒரு படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். எது எங்கே இருக்கிறது என்பது கல்லூரிக்குத் தெரிந்தால் போதும். றங்குப் பெட்டியில், பாயின் அடியில், சேலை மடிப்பில் இருப்பவையும் இதில் அடங்கும்.

கல்லூரியின் அடுத்த நூறாண்டைக் கொண்டாடுபவர்கள் நம்மை அறிய மாட்டார்கள். நாம் மூடிய சட்டத்தை அவர்கள் திறப்பார்கள். திறக்கும்போது தாள் அவர்கள் கையோடு இலகுவாக வரவேண்டும். அதற்கு ஏற்றபடி இன்றைக்கு மட்டை வெட்டுவோம். மேசைகளில் மட்டையும் அடிமட்டமும் புதுப் பிளேட்டும் வைத்திருக்கிறோம். முதல் வெட்டு பிரதிகளில் நடக்கட்டும். அனைவரும் வாருங்கள், தொடங்குவோம்.